செம்போத்தின் கண்ணோரத்தில் சாம்பல் மணிகள்

பத்தாங் பெர்ஜுந்தையிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். ஊருக்குப் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றிப் பல ஆண்டுகள் ஆகின்றன. நம்மவர் வாயில் பழைய பெயர்தான் நிற்கிறது, நானும் அதையே எழுதுகிறேன். இவர் வீட்டுப் பின்கதவைத் திறந்தால் செம்பனைத் தோட்டம். ஞாயிற்றுக்கிழமை காலையில் சமையலறைச் சன்னல் கண்ணாடியில் ஒரு செம்போத்து மோதி விழுந்தது. பிள்ளைகள் அதைத் தூக்கி அட்டைப்பெட்டியில் வைத்தார்கள். கண்ணைச் சுற்றியும் காதருகேயும் சாம்பல் நிறத்தில் மணிமணியாக ஏதோ ஒட்டியிருக்கிறது. மகள் எண்ணிப் பார்த்துப் பதினொன்று என்றாளாம். "இது மருவா, உண்ணியா? பிடுங்கலாமா? பிள்ளைகள் தொட்டுவிட்டார்கள், காய்ச்சல் வருமா? பின்னால் மேயும் கோழிகளுக்கு ஒட்டிக்கொள்ளுமா? மாமியார் மண்ணெண்ணெய் தொட்டு வைக்கச் சொல்கிறார், வைக்கலாமா?" இவைதாம் முக்கியமான கேள்விகள்.

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். மண்ணெண்ணெய் வேண்டாம். புகையிலைச் சாறு, சுண்ணாம்பு, வேப்பெண்ணெய், தீக்குச்சிச் சூடு எதுவும் வேண்டாம். மாமியாரைக் குறை சொல்லவில்லை. லயத்து வீடுகளில் மாட்டுக்கும் நாய்க்கும் இதைத்தான் எல்லாரும் செய்தார்கள், நானும் செய்தேன். கால்நடைத் துறையில் உதவியாளனாகச் சேர்ந்த புதிதில் ஒரு பையன் மரகதப்புறா ஒன்றைக் கொண்டுவந்தான். கீழ் இமையில் இரண்டு உண்ணிகள். பெரிய வைத்தியன் போலத் தீக்குச்சி முனையில் பஞ்சு சுற்றி மண்ணெண்ணெயில் நனைத்துத் தொட்டேன். உண்ணி அசையவில்லை. எண்ணெய் இறகு வழியே கண்ணுக்குள் இறங்கியது. மறுநாள் அந்தக் கண் பால்படிந்து கிடந்தது. புறா பிழைத்ததா என்று கேட்காதீர்கள். மூச்சு முட்டிய உண்ணி உடனே விட்டுவிடும் என்பது தப்புக் கணக்கு. அதன் மூச்சுத்துளைகள் வயிற்றோரத்தில் இருக்கின்றன, வாய் இறுகிப் பதிந்திருக்கிறது, மூச்சில்லாமலும் வெகு நேரம் தாங்கும். சீண்டினால் அது செய்யக்கூடிய ஒன்று, குடித்ததோடு தன் எச்சிலையும் காயத்துக்குள் திருப்பிக் கக்குவது. நாம் அஞ்ச வேண்டியதே அந்த எச்சிலுக்குத்தான்.

இனி மருவா உண்ணியா என்பது. நீங்கள் சொன்ன வருணனை உண்ணிக்கே பொருந்துகிறது என்றாலும் ஒருமுறை நிச்சயப்படுத்திக்கொள்ளுங்கள். பறவைகளுக்கு அம்மை நோய் உண்டு. புறா, மைனா, கோழி மூன்றிலும் பார்த்திருக்கிறேன். அது கண்ணோரத்திலும் அலகடியிலும் காலிலும் சொரசொரப்பான கட்டியாக வரும், மேலே பொருக்கு இருக்கும், தோலோடு ஒன்றாக வளர்ந்திருக்கும். உண்ணி வழவழப்பாக இருக்கும். மொச்சைக்கொட்டையைச் சிறிதாக்கி ஈயம் பூசியது போன்ற பளபளப்பு. பூதக்கண்ணாடி வைத்துத் தோலோடு சேரும் இடத்தைப் பாருங்கள், கால்கள் அங்கே மடங்கித் தெரியும். ஆரஞ்சுச் சிவப்பில் தூள் தூளாகக் கூட்டமாக அப்பியிருந்தால் அது வேறு, அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன். இறகுகளுக்குள் சரசரவென்று நண்டு மாதிரிப் பக்கவாட்டில் ஓடித் திடீரென்று உங்கள் கைமேல் தாவும் தட்டையான ஈ ஒன்றும் உண்டு. அது பறவை ஈ. அருவருப்பாக இருக்கும், பயப்பட ஒன்றுமில்லை. இறகுத் தண்டோடு ஒட்டி நீளமாக, மஞ்சள் பழுப்பாக ஊர்வது பேன்.

ஒரு காட்டுக்கோழிச் சேவல் கதையைச் சொன்னால் உண்ணியைக் கண்முன் கொண்டுவரலாம். தோட்டத்து மண்சாலையில் லாரி அடித்துப் போட்டிருந்தது. கொண்டையின் அடியில், செவி வெள்ளையைச் சுற்றி, தாடையின் தோல் மடிப்பில் எல்லாம் சாம்பல் மணிகள். சிலவற்றை எடுத்து, ஈரப்பஞ்சு போட்ட கண்ணாடிக் குழாய்களில் தனித்தனியாக அடைத்துச் சமையலறை அலமாரியில் வைத்தேன். வீட்டுக்காரி ஒரு வாரம் பேசவில்லை. நன்றாகக் குடித்து உப்பியிருந்த ஒன்று சில நாள் குழாய்க்குள் நடந்தது, பிறகு கல்லாகிவிட்டது. இருபத்திரண்டாம் நாள் காலையில் பார்த்தால் குழாய்க்குள் இரண்டு உருவங்கள். ஒன்று வெள்ளைச் சட்டை போலக் கிழிந்த வெறுந்தோல். மற்றது தட்டையாக, செம்பழுப்பாக, மினுமினுவென்று, எட்டுக் கால்களோடு. அடைப்பானை எடுத்து லேசாக மூச்சை ஊதினேன். உடனே முன்கால்கள் இரண்டையும் தூக்கிக் காற்றில் துழாவிக்கொண்டு என் மூச்சு வந்த பக்கமாக நடந்தது. உண்ணிக்கு மூக்கு முன்கால் நுனியில் இருக்கிறது. அங்கே ஒரு சிறு குழி, அதனுள்ளே மயிரிழைகள். நாம் விடும் கரியமில வாயுவையும் உடல் வெப்பத்தையும் அதை வைத்துத்தான் மோப்பம் பிடிக்கிறது. நடப்பதற்கு அதற்கு ஆறு கால்களே போதும்.

உண்ணி பூச்சியினம் கிடையாது. சிலந்தி, தேள் வகையறா. உலகத்தில் ஏறத்தாழ 900 வகைகள். பெரும்பாலானவை முதுகில் ஓடுடைய வன்னுண்ணிகள். ஓடில்லாமல் தோற்பை மாதிரி இருப்பவை மென்னுண்ணிகள். உங்கள் செம்போத்தில் இருப்பது வன்னுண்ணி. முட்டையிலிருந்து வரும் குஞ்சுக்கு ஆறு கால், எள்ளைவிடச் சிறியது. அது ஒரு பிராணிமேல் ஏறிச் சில நாள் குடிக்கும், விழும், தோலுரிக்கும். அடுத்த பருவத்தில் எட்டுக் கால். மறுபடி ஏறும், குடிக்கும், விழும், உரிக்கும். பிறகுதான் வளர்ந்த உண்ணி. பெண் உண்ணி கடைசி விருந்தை ஒரு வாரம், பத்து நாள் என்று நிதானமாக உண்டு தன் எடையைப்போல் நூறு மடங்கு பெருத்துத் தரையில் விழுந்து, ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுச் செத்துப்போகும். ஆக, வாழ்நாள் முழுவதற்கும் மூன்றே வேளைச் சாப்பாடு. மீதிக் காலமெல்லாம் தரையில், சருகுக்கடியில், புல் நுனியில் காத்துக் கிடப்பதுதான் அதன் பிழைப்பு.

இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் உங்கள் கேள்விகளில் பாதிக்கு விடை கிடைத்துவிடும். பறவைமேல் இருக்கும் உண்ணி, அந்தப் பறவை எந்தத் தரையில் நடந்தது என்பதற்குச் சாட்சி. கோலசிலாங்கூர் இயற்கைப் பூங்காவில் பறவைகளுக்கு வளையம் பூட்டுகிறவர்களோடு பல ஆண்டுகள் கைவேலை செய்திருக்கிறேன். அலையடிக்கும் சேற்றில் மேயும் உள்ளான்களில் உண்ணி கண்டதாக எனக்கு நினைவில்லை. பகலெல்லாம் ஆகாயத்தில் திரிந்து இரவில் மின்கம்பியில் அடையும் தகைவிலான்களிலும் அப்படியே. ஆனால் புதரடியில் நடந்து இரை பொறுக்கும் ஆறுமணிக்குருவி, மரகதப்புறா, கானாங்கோழி, காட்டுக்கோழி, செம்போத்து இவை கைக்கு வந்தால் முதலில் கண்ணையும் காதையும்தான் பார்ப்போம். செம்போத்து பறப்பதைவிட நடப்பதே அதிகம். தோட்டத்தில் வெட்டிப்போட்ட மட்டை அடுக்குகளுக்கிடையே எலிக்குஞ்சும் பல்லியும் நத்தையும் தேடி மணிக்கணக்கில் புகுந்து புறப்படும். உண்ணிக் குஞ்சுகள் காத்துக் கிடக்கும் இடமும் அதுவே.

அப்படியானால் உடம்பெல்லாம் ஒட்டாமல் ஏன் கண்ணிலும் காதிலும் மட்டும்? பறவைக்குக் கை இல்லை, அலகுதான் கை. நாளெல்லாம் அலகால் இறகைக் கோதிப் பேனையும் உண்ணியையும் பொறுக்கித் தின்றுவிடும். அந்த அலகு எட்டாத இடம் தன் தலை ஒன்றுதான். காலால் சொறியலாம், பிடுங்க முடியாது. இணையோடு கூடி வாழும் பறவைகள் ஒன்றின் தலையை ஒன்று கோதிக்கொள்ளும். தனியாகத் திரிவதற்கு அந்த வசதி இல்லை. ஆகவே உண்ணிகள் தலையைத் தேடிப் போய் உட்கார்கின்றன என்பதைவிட, மற்ற இடத்தில் உட்கார்ந்தவை எல்லாம் தின்னப்பட்டுவிட்டன என்று எண்ணுவதே எனக்குச் சரியாகப் படுகிறது. நாம் பார்ப்பது தப்பித்தவற்றை.

நம் மொழியில் உண்ணிக்கொக்கு என்று ஒரு பறவைக்கே பெயர் வைத்திருக்கிறோம். மாட்டு மந்தையோடு நடக்குமே, அந்த வெள்ளைக் கொக்கு. அது பெரும்பாலும் தின்பது மாடு கிளப்பிவிடும் வெட்டுக்கிளிகளை. இருந்தாலும் பெயர் நிலைத்துவிட்டது. மலாய்க்காரர் நம் நாட்டுமைனாவை எருமை மேய்ப்பவன் என்று அழைக்கிறார்கள். இரண்டு மொழிக்காரரும் மாட்டின் முதுகையே பார்த்துப் பெயர் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துச் சிரித்துக்கொள்வேன். அது கிடக்கட்டும்.

பறவைக்கு இதனால் கேடா? பதினொரு சிறிய உண்ணிகள் திடமான ஒரு செம்போத்தைக் கொல்லாது. குஞ்சுகளுக்கும் மெலிந்துபோனவற்றுக்கும் இரத்தச் சோகை வரலாம். இமை வீங்கிக் கண் மூடிப்போனால் இரை தேட முடியாது, கேடு அப்படித்தான் வரும். சில வகை உண்ணிகளின் எச்சிலால் தலையே ஒருபக்கமாக வீங்கிப் பறவை திடீரென்று செத்துப்போவதைப் பிரிட்டனில் பதிவு செய்திருக்கிறார்கள். உங்கள் பறவை தலையை நிமிர்த்திப் பார்க்கிறது, கையைக் கொத்த வருகிறது என்கிறீர்கள். அது விழுந்து கிடந்தது உண்ணியால் இல்லை, உங்கள் சன்னல் கண்ணாடியால்தான்.

பிடுங்கலாமா என்றால், இமையின் விளிம்பில் இருப்பதைத் தொடாதீர்கள். இமைத்தோல் வெங்காயச் சருகு போன்றது, கிழிந்துவிடும். காதருகிலும் அலகடியிலும் இருப்பவற்றை எடுக்கலாம், அதுவும் கைப்பழக்கம் இருந்தால் மட்டும். கையுறை போட்டு, ஒருவர் பறவையைத் துணியில் சுற்றித் தலையை மட்டும் வெளியே விட்டுப் பிடிக்க வேண்டும். நெஞ்சை அழுத்தக் கூடாது. பறவைக்கு விலாவும் நெஞ்செலும்பும் அசைந்தால்தான் மூச்சு. கூர்முனையுள்ள சாமணத்தால் உண்ணியின் உப்பிய வயிற்றைப் பிடிக்காமல், தோலை ஒட்டிய வாய்ப்பகுதியைப் பிடித்து, திருகாமல், வெடுக்கென்று இழுக்காமல், ஒரே சீராக மேலே தூக்குங்கள். அதன் வாயில் பின்னோக்கிய முட்கள் வரிசையாக இருக்கின்றன. போதாததற்குப் பல வகை உண்ணிகள் சிமெண்டு போன்ற ஒரு பசையை ஊற்றித் தங்களை ஒட்டிக்கொள்கின்றன. அதனால் விட்டுக்கொடுக்க இரண்டு மூன்று விநாடிகள் பிடிக்கும். முனை உள்ளே ஒடிந்து தங்கினால் தோண்டாதீர்கள், தோலே தள்ளிவிடும். ஐந்து நிமிடத்துக்குமேல் பறவையைக் கையில் வைத்திருக்கக் கூடாது, அச்சத்திலேயே செத்துப்போகும். நானாக இருந்தால், மோதிய மயக்கத்தில் இருக்கும் பறவையிடம் இந்த வேலையே வைத்துக்கொள்ள மாட்டேன். உண்ணி தன் வேளை முடிந்ததும் தானே விழுந்துவிடும்.

விழுவதைக் கவனிக்க ஒரு வழி உண்டு. பெட்டியின் அடியில் பழைய வெள்ளைத் துணியை விரியுங்கள். மாலையில் அதை உதறாமல் எடுத்துப் பார்த்தால் சாம்பல் மணிகள் சில உருண்டு கிடக்கலாம். நகத்தால் நசுக்காதீர்கள், அதன் இரத்தம் விரலில் இருக்கும் கீறல்வழி ஏறக்கூடும். பெருவிரல் நகங்களுக்கிடையே வைத்துச் சொடுக்கும் பழக்கம் நம் பாட்டிகளோடு போகட்டும். ஒட்டுநாடாவில் ஒற்றி எடுத்து மடித்துவிடுங்கள், அல்லது ஸ்பிரிட் ஊற்றிய புட்டியில் போடுங்கள். அட்டைப்பெட்டியைப் பிளாஸ்டிக் பையில் கட்டி எறியுங்கள். பறவை செத்துப்போனால் அரைகுறையாகக் குடித்த உண்ணிகள் உடல் ஆறியதும் வேறு ஆள் தேடி இறங்கும். அதனால் செத்த பறவையைத் திறந்த குப்பைத்தொட்டியில் போடாமல் இரண்டு பைகளில் கட்டுங்கள். ஒன்றுக்குமேல் பறவைகள் ஒரே நேரத்தில் செத்துக் கிடந்தால் தொடாமல் கால்நடைச் சேவைத் துறைக்குச் சொல்லிவிடுங்கள். அது உண்ணி விவகாரம் இல்லை, பறவைக் காய்ச்சலா என்று அவர்கள் பார்க்க வேண்டும்.

கோழிகளுக்கு ஒட்டுமா? ஒட்டும். காட்டுக்கோழிக்கும் வீட்டுக்கோழிக்கும் உண்ணி வேற்றுமை பார்ப்பதில்லை. ஹீமாபைசாலிஸ் வெல்லிங்டோனி என்று 1908-இல் பெயரிடப்பட்ட ஒரு வகை இந்தப் பக்கத்துக் காட்டுப்பறவைகளிலும் மேய்ச்சல் கோழிகளிலும் காணப்படுவது. வேறு பல உண்ணிகள் குஞ்சுப் பருவத்தில் மட்டும் பறவையை நாடிவிட்டு வளர்ந்ததும் மாட்டுக்கோ பன்றிக்கோ மாறிவிடும், இது வளர்ந்த பிறகும் பறவையை விடாது. ஆனால் இந்தச் செம்போத்திலிருந்து உங்கள் கோழிக்கு நேரே தாவும் என்று அஞ்ச வேண்டாம். இதிலிருந்து விழுவது தோலுரித்துப் பசியோடு எழ இரண்டு மூன்று வாரமாவது ஆகும். பெட்டியை அப்புறப்படுத்திவிட்டால் அந்த வழி அடைந்துவிட்டது. உங்கள் கோழிகள் ஏற்கெனவே அதே மட்டை அடுக்குகளில்தானே கிளறுகின்றன? அதைப் பாருங்கள். வாரம் ஒருமுறை மாலையில் கூட்டில் அடையும்போது கொண்டையடி, காது, தாடை மூன்றையும் விரலால் தடவிப் பார்த்தால் போதும். கூடு பழைய பலகையாக இருந்தால் இரவில் டார்ச் அடித்துப் பலகை இடுக்குகளையும் பாருங்கள். தமிழ்நாட்டில் கோழி வளர்ப்பவர்களைப் பாடாய்ப் படுத்தும் மென்னுண்ணி பகலில் இடுக்கில் ஒளிந்து இரவில் வந்து அரைமணி நேரம் குடித்துவிட்டுப் போய்விடும். பகலில் கோழியைப் பிடித்துப் பார்த்து ஒன்றும் இல்லை என்று விட்டுவிடுவார்கள், கோழி நாளுக்கு நாள் வெளிறிக்கொண்டே போகும்.

மென்னுண்ணி என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. தைப்பூசத்துக்குப் பத்துமலை ஏறாத மலேசியத் தமிழர் யார்? அந்த ஊரின் பெயரைத் தாங்கிய மென்னுண்ணி ஒன்று உண்டு. பத்துமலைக் குகைகளில் கண்டெடுத்ததற்கு 1929-இல் ஹெர்ஸ்ட் என்ற ஆங்கிலேயர் அறிவியல் பெயரில் பத்துவென்சிஸ் என்று சேர்த்தார். காவடி எடுப்பவர்களுக்கு அதனால் ஆபத்தில்லை. அது வௌவால்களோடு இருட்டில் கிடப்பது.

இப்போது பிள்ளைகள். தொட்டதனால் எதுவும் ஒட்டாது. உண்ணி கடித்துப் பதிந்து குடித்தால்தான் பெரும்பாலும் எதையும் கடத்த முடியும், ஏற்கெனவே பறவையில் பதிந்திருப்பது தொட்டவர் கைக்கு மாறிக்கொள்வதில்லை. சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லுங்கள். இரவு குளிக்கும்போது காதுமடலின் பின்புறம், அக்குள், இடுப்புப் பட்டி இறுக்கும் இடம், தொடை இடுக்கு ஆகியவற்றைப் பாருங்கள். காதுக்குள் குறுகுறுப்பு, அடைப்பு, வலி என்று பிள்ளை சொன்னால் குச்சியை விடாதீர்கள், கிளினிக்குக்குப் போங்கள். காதுக்குள் உண்ணி புகுந்து வருபவர்களை நம் நாட்டு மருத்துவமனைகள் நன்றாக அறியும். குவாந்தான் போன்ற கிழக்குக்கரை ஊர்களிலிருந்து மருத்துவ இதழ்களில் எழுதியிருக்கிறார்கள். உண்ணி செவிப்பறையருகே கடித்து, முகத்தின் ஒருபக்கம் இழுத்துக்கொண்ட நோயாளிகளும் அவர்களில் உண்டு.

இணையத்தில் தேடினால் லைம் நோய் என்று வந்து மிரட்டும். அது அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பெரும் தொல்லை. அங்கே அதைப் பரப்பும் உண்ணி வகைகள் நம் தோட்டங்களில் இல்லை. நம் ஊர்ச் சங்கதி வேறு. கர்நாடகத்தின் மலைக்காடுகளில் 1957-இல் குரங்குகள் கொத்துக் கொத்தாகச் செத்தபோது கண்டுபிடிக்கப்பட்ட குரங்குக் காய்ச்சலைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதுவும் உண்ணி கடத்துவதே. அந்தக் கிருமிக்கு உறவான ஒன்றை அதற்கு ஓராண்டு முன்பே, 1956-இல், நம் சிலாங்கூரின் உலு லங்காட் காட்டில் உண்ணியிலிருந்து பிரித்தெடுத்தார்கள். லங்காட் வைரஸ் என்று பெயர். ஒன்றுக்கொன்று உறவு என்றதும் பதற வேண்டாம். லங்காட் வைரஸ் இயற்கையாக மனிதரைத் தாக்கி நோயாக்கியதாகப் பதிவில்லை. அது எலிகளோடு கிடக்கும் உண்ணியில் இருந்தது, பறவையிலும் இல்லை.

ஆனால் தோட்டத்தில் அஞ்ச வேண்டியது ஒன்று உண்டு. உங்கள் கேள்வியில் அது இல்லை, அதனால்தான் நீட்டிச் சொல்கிறேன். மேலே ஆரஞ்சுச் சிவப்புத் தூள் என்றேனே, அது சிற்றுண்ணி என்னும், உண்ணிக்கு உறவான வேறோர் உயிரின் குஞ்சு. அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. எலியின் காதிலும் சில சமயம் பறவையின் இறக்கையடியிலும் கூட்டமாக அப்பிக் கிடக்கும். அதில் சில வகைகள் மனிதரைக் கடித்து ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சலைத் தருகின்றன. தமிழ்நாட்டுச் செய்தித்தாள்கள் அதை உண்ணிக் காய்ச்சல் என்றே எழுதுகின்றன. குழப்பம் அங்கேதான் பிறக்கிறது. நம் மொழியில் இரண்டுக்கும் ஒரே பெயர் ஆனதால், கண்ணுக்குத் தெரியும் பெரிய சாம்பல் உண்ணியைப் பார்த்துப் பயந்துவிட்டு, கண்ணுக்கே தெரியாத சிறியதைக் கோட்டை விடுகிறோம். சிற்றுண்ணி கடித்தது உங்களுக்குத் தெரியவே தெரியாது. ஆறு நாளிலிருந்து மூன்று வாரத்துக்குள் கடும் காய்ச்சல், தலைவலி, நெறிக்கட்டு வரும். கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போலக் கறுத்த பொருக்கு ஒன்று வலியில்லாமல் இருக்கும். வலிக்காததால் யாரும் சொல்ல மாட்டார்கள். இடுப்பிலும் அக்குளிலும் இருப்பதால் யாரும் பார்க்கவும் மாட்டார்கள்.

இந்த நோய்க்கும் நம் மக்களுக்கும் பழைய கணக்கு உண்டு. இந்த நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917-இல் உங்கள் ஊர்ப் பக்கத்துத் தென்னமாரத்தில்தான் நடப்பட்டது. ரப்பர்க் காட்டில் தரையைத் துப்புரவாக வைத்திருந்தார்கள். செம்பனை வந்ததும் உதிரிப் பழத்துக்கு எலி பெருகியது, மட்டைக்கும் புல்லுக்கும் இடையே அதற்கு வீடும் கிடைத்தது, எலியோடு சிற்றுண்ணியும் வந்தது. 1920-களிலும் 30-களிலும் மலாயாவின் செம்பனைத் தோட்டத் தொழிலாளர்களிடையே இந்தக் காய்ச்சல் கண்டது. கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் பிளெட்சரும் பின்னர் லூத்வெயிட்டும் சவூர் என்ற இந்திய மருத்துவரும் அதைப் பிரித்தறியப் பல ஆண்டுகள் உழைத்தார்கள். காட்டில் வேலை செய்பவருக்கு வருவதும் ஊரில் எலித்தெள்ளால் வருவதும் ஒன்றா இரண்டா என்பதே அன்று பெரிய வழக்கு. மருந்து கிடைத்ததும் அதே இடத்தில்தான். 1948-இல் ஜோசப் ஸ்மேடல் என்ற அமெரிக்கரின் குழு அங்கே வந்து குளோராம்பெனிகால் கொடுத்துப் பார்த்தது. நாள் கணக்கில் கொதித்துக் கிடந்த நோயாளிகளுக்குக் காய்ச்சல் சட்டென்று இறங்கியது. இன்று டாக்சிசைக்ளின் கொடுக்கிறார்கள், அதுவும் விரைவாகக் கேட்கும். டாக்டருக்குத் தோன்ற வேண்டும், அவ்வளவுதான். ஆகையால் பிள்ளைக்கோ தோட்ட வேலைக்குப் போகும் வீட்டுக்காரருக்கோ காய்ச்சல் வந்தால் டிங்கி சோதனையோடு நிறுத்தாமல், "செம்பனைக் காட்டோரம் இருக்கிறோம், புதருக்குள் போய்வந்தோம்" என்று நீங்களாகச் சொல்லுங்கள். கறுத்த பொருக்கு இருந்தால் கூச்சப்படாமல் காட்டுங்கள்.

கூகை வீடுகளைத் தோட்டத்தில் கம்பத்தின்மேல் பார்த்திருப்பீர்கள். அவை எலிக்காக வைத்தவை. ஒரு கூகை இணை குஞ்சுகளோடு ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் மேல் எலி பிடிக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். எலி குறைந்தால் சிற்றுண்ணிக்கும் சோறு குறையும். கூகை கத்தினால் சாவு வரும் என்று கல்லெறிபவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். நான் சொல்லிச் சலித்துவிட்டேன்.

வீட்டளவில் நீங்கள் செய்யக்கூடியவை இரண்டு வேலைகள். பின்கதவிலிருந்து செம்பனை வரிசை வரையிலான புல்லை ஒட்ட வெட்டி, வெயில் தரையில் படும்படி வையுங்கள். உண்ணிக்கும் சிற்றுண்ணிக்கும் ஈரமும் நிழலும் உயிர், வெயிலில் வறண்டு சாகும். வீட்டை ஒட்டி மட்டையோ விறகோ குவிக்காதீர்கள். களைக்கொல்லியை உண்ணிக்காக அடிக்க வேண்டாம், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நாய்க்குப் போடும் உண்ணி மருந்தைப் பறவைமேல் தெளிக்கவும் வேண்டாம்.

வலசைப் பறவைகள் வெளிநாட்டு உண்ணி கொண்டு வருமா என்றும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். வரும், ஆனால் கொஞ்சம். 1963-இலிருந்து 1971 வரை மெக்ளூர் என்ற அமெரிக்கர் தலைமையில் ஆசியா முழுவதும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பறவைகளுக்கு வளையம் பூட்டினார்கள். அமெரிக்க இராணுவம் பணம் கொடுத்தது, அதன் கவலையெல்லாம் பறவை சுமக்கும் உண்ணியும் கிருமியும்தான். பெந்தோங்கில் இரவில் கம்பிகளில் அடையும் தகைவிலான்களை ஆயிரக்கணக்கில் பிடித்ததும் அந்தக் காலத்தில்தான். உண்ணி பறவையில் தங்குவது ஒரு வாரம் அளவே. அதற்குள் கடல் தாண்டிய பறவையிலிருந்து விழுந்து, விழுந்த தரை ஒத்துவந்து, அடுத்த வேளைக்கு ஆள் கிடைத்து, இணையும் கிடைத்தால்தான் குடியேற முடியும். குடியேறியவையும் உண்டு. உங்கள் செம்போத்து அந்தக் கணக்கிலேயே வராது. அது பிறந்ததும் திரிவதும் சில காணி செம்பனைக்குள்.

பிறகு, அதை வைத்து வளர்க்கலாமா என்று மகன் கேட்கிறானாம். கூடாது. 2010-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட காட்டுப்பறவைகளை உரிமம் இல்லாமல் வைத்திருப்பது குற்றம். பக்கத்து வீட்டு மலாய்ப் பாட்டி எலும்பு முறிவுக்குச் செம்போத்து எண்ணெய் காய்ச்சுவார் என்று யாராவது கேட்டு வந்தாலும் கொடுத்துவிடாதீர்கள். நம்மவர்களும் குறைந்தவர்கள் இல்லை. செம்போத்து குறுக்கே போனால் நல்ல சகுனம் என்று கும்பிட்டுவிட்டு, இருமலுக்கு அதன் கறி நல்லது என்று சொல்வோம்.

பெட்டியை மூடி, சில துளைகள் போட்டு, இருட்டும் அமைதியுமாக இரண்டு மணி நேரம் விடுங்கள். அலகைத் திறந்து தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். மாலை ஐந்து மணிக்குமுன், வெளிச்சம் இருக்கும்போதே, மட்டை அடுக்குக்குப் பக்கத்தில் பெட்டியைச் சாய்த்து வைத்துவிட்டுப் பத்தடி தள்ளி நில்லுங்கள். பறந்து போகும் என்று பார்த்துக்கொண்டிருந்தால் ஏமாந்துபோவீர்கள். முதலில் தலையை நீட்டிச் சிவந்த கண்ணால் உங்களை முறைக்கும். பிறகு நடந்தே போகும்.